உருளைக்குள் ஒரு கோளம்

1906ஆம் ஆண்டில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. பெரிய பாதையில் வந்திறங்கியவர்கள் மொரப்பூரில் சிறிய வண்டிக்கு மாறித் தருமபுரி சென்றனர். அவ்வண்டியை இழுத்த நீராவிப் பொறிக்கு உயிர்நிலை, உள்ளே உந்துதண்டு முன்னும் பின்னும் ஓடும் இரும்பு உருளையே. உருளையின் விட்டம், தண்டு ஓடும் நீளம் ஆகிய இரண்டு அளவுகளே அது கொள்ளும் நீராவியை உறுதிசெய்தன. நீளம் இருமடங்கானால் கொள்ளளவும் இருமடங்காகும். விட்டம் இருமடங்கானாலோ கொள்ளளவு நான்கு மடங்காகிவிடும்.

அதே 1906ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில், டென்மார்க் நாட்டு அறிஞர் ஹைபர்க் பழைய வழிபாட்டு நூலொன்றை உருப்பெருக்கியின் துணையுடன் படித்துக்கொண்டிருந்தார். தோல் ஏடுகளில் எழுதப்பட்டிருந்த வழிபாட்டு வரிகளுக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட வேறு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அவை, உருளையையும் கோளத்தையும் அளந்து காட்டியதையே தம் வாழ்வின் பெரும்பேறாகக் கருதிய ஆர்க்கிமிடீசின் எழுத்துகள்.

ஆர்க்கிமிடீஸ் சிசிலித் தீவிலிருந்த சைரகியூஸ் என்னும் கிரேக்க நகரில், கி.மு. 287ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். தந்தை பீடியாஸ் வானியல் அறிஞர். அக்காலத்தில் அலெக்சாந்திரியா நகரமே கல்வியின் தலைவாயிலாக விளங்கியது. அந்நகர அறிஞர் கோனான் அவருக்கு நெருங்கிய நண்பர். தாம் கண்டவற்றைக் கடல்கடந்து கோனானுக்கு எழுதி அனுப்புவது அவர் வழக்கம். கோனான் மறைந்தபின் அக்கடிதங்கள் டொசிதியசுக்குச் சென்றன. அவற்றில் குறும்பும் உண்டு. எதைச் சொன்னாலும் அது தமக்கு முன்பே தெரியும் என்று கூறிக்கொள்வோரை அகப்படுத்துவதற்காக, தவறான முடிவுகள் சிலவற்றையும் அவர் வேண்டுமென்றே சேர்த்தனுப்பியிருந்தார்.

மன்னரின் பொன்முடியில் வெள்ளி கலந்திருந்ததைக் குளியல்தொட்டி நீரால் அறிந்தார் என்னும் கதை எல்லாரும் அறிந்ததே. அது பிற்காலத்தவர் சொன்ன கதை. அவர் தாமே எழுதி விட்டுச்சென்றவற்றுள் தலையாயது கோளமும் உருளையும் பற்றிய நூலாகும்.

விட்டமும் உயரமும் சமமாக உள்ள உருளை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதற்குள் மேலும் கீழும் பக்கங்களிலும் சரியாகத் தொட்டு நிற்குமாறு ஒரு பந்தை வைப்போம். அவ்வுருளையில் முதலில் விளிம்புவரை நீர் நிரப்பி, பிறகு பந்தை முழுவதும் அமிழ்த்தினால் இரு பங்கு நீர் வழிந்துவிடும். ஒரு பங்கு நிற்கும். உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு கோளத்தின் கன அளவு என்பதே இதன் பொருள். பரப்பிலும் இதே விகிதம் அமைவதுதான் வியப்பு. கோளத்தின் மேற்பரப்பு, அதன் நடுவே வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தைப் போல் நான்கு மடங்கு. உருளையின் மூடியும் அடியும் இரண்டு வட்டங்கள், சுற்றுப்புறம் நான்கு வட்டங்களுக்குச் சமம், ஆக ஆறு. நான்குக்கு ஆறு என்பதும் இரண்டுக்கு மூன்றே! இதனை அவர் நீர் ஊற்றி மெய்ப்பிக்கவில்லை. கோளத்தின் அளவு இதனினும் மிகுதி என்றால் முரண்பாடு எழும். குறைவு என்றாலும் எழும். ஆதலால் சமமாகவே இருத்தல் வேண்டும் என்று காட்டினார்.

நூலின் இரண்டாம் பகுதியில் கேள்வி கடினமாகிறது. ஓர் உருளை கொடுக்கப்பட்டால் அதற்குச் சமமான கன அளவுள்ள கோளத்தைக் காண்பது எப்படி? விட்டம் 8, உயரம் 18 கொண்ட உருளையை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் உயரத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும். உயரம் 27 ஆகிறது. இப்போது, கன அளவு மாறாமல் விட்டமும் உயரமும் சமமாக உள்ள உருளையாக அதை மாற்ற வேண்டும். 8க்கும் 27க்கும் இடையே ஒரே மடங்கில் ஏறிச் செல்லும் இரண்டு எண்களைத் தேடினால் 8, 12, 18, 27 என வரிசை அமைகிறது. வரிசையில் இரண்டாவதாக நிற்கும் 12தான் விடை. 8×8×27 என்பதும் 12×12×12 என்பதும் 1728 என வருவதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். விட்டமும் உயரமும் 12 ஆன உருளைக்குள் அடங்கும் கோளமே தேடிய கோளம். எண்கள் எப்போதும் இவ்வளவு இணக்கமாக அமைவதில்லை. இடைப்பட்ட அவ்விரு எண்களைக் காண்பது கிரேக்கர்களைப் பலகாலம் அலைக்கழித்த சிக்கலாகும்.

சைரகியூஸ் மக்கள் அவரைப் போற்றியது இதற்காக அன்று. ரோமானியப் படை நகரை முற்றுகையிட்டபோது, அவர் அமைத்த கல்லெறி பொறிகளும் கப்பல்களைப் பற்றித் தூக்கும் கொக்கிகளும் பகைவரை நெடுநாள் தடுத்து நிறுத்தின. எனினும் கி.மு. 212இல் நகரம் வீழ்ந்தது. முதியவரான அவரை ரோமானிய வீரன் ஒருவன் வெட்டிக் கொன்றான். படைத்தலைவர் மார்செல்லஸ் அதற்காக வருந்தி, அவருடைய உறவினரைத் தேடிச் சிறப்புச் செய்தார் என்பர்.

தம் கல்லறையில் போர்ப்பொறி எதையும் பொறிக்குமாறு ஆர்க்கிமிடீஸ் கேட்டிருக்கவில்லை. உருளையையும் அதனுள் கோளத்தையும் அவற்றின் விகிதத்தையுமே கேட்டிருந்தார். அவ்வாறே அமைத்தனர், பின் மறந்தும் போயினர். 137 ஆண்டுகள் கழித்து, கி.மு. 75இல் சிசிலியில் அலுவல் பார்த்த ரோமானிய அறிஞர் சிசரோ அக்கல்லறையைத் தேடினார். அப்படியொன்று இல்லவே இல்லை என்றனர் ஊரார். முட்புதர்களுக்கு மேலே சிறிது தலைநீட்டி நின்ற ஒரு தூணில் கோளமும் உருளையும் இருக்கக் கண்டு, அரிவாள்களுடன் ஆள்களை அனுப்பிப் புதரை வெட்டி வழிசெய்தார். தூணிலிருந்த செய்யுள் வரிகளில் பாதி தேய்ந்திருந்தன. பின்னர் அக்கல்லறையும் அழிந்தது.

அவருடைய ஏடுகளுக்கும் அந்நிலையே நேர இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் படியெடுத்த சுவடியொன்றை 1229ஆம் ஆண்டில் சுரண்டி, அதன்மேல் வழிபாட்டு நூல் எழுதினர். ஹைபர்க் படித்தது அதைத்தான். எரடோஸ்தனிசுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய நூலொன்று அதில் மட்டுமே எஞ்சியிருந்தது. கோளத்தையும் உருளையையும் மெல்லிய தகடுகளாகச் சீவியதுபோல் எண்ணி, கற்பனைத் துலாக்கோலில் நிறுத்தே அவ்விகிதத்தை முதலில் கண்டதாக அதில் அவர் மனந்திறந்து எழுதியிருந்தார். அவ்வாறு காண்பது மெய்ப்பித்தல் ஆகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனினும் அவ்வழியைக் கொண்டு வருங்காலத்தவர் புதியன காண்பர் என நம்பினார். அந்நூல் மறைந்து கிடந்தமையால், பதினேழாம் நூற்றாண்டுக் கணித அறிஞர்கள் அதைப் போன்ற வழியைத் தாமே புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

ஹைபர்க்குக்குப் பிறகு சுவடி மீண்டும் காணாமற்போனது. பூஞ்சை அரித்தும், சில ஏடுகளின்மேல் போலி ஓவியங்கள் தீட்டப்பட்டும் 1998இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்தபோது, இருபது இலட்சம் டாலருக்கு அது விலைபோனது. வாங்கியவர் அதனைப் பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அறிஞர்கள் சுமார் பத்தாண்டுகள் உழைத்தனர். பலவகை ஒளிகளிலும் ஊடுகதிரிலும் ஏடு ஏடாகப் படமெடுத்தபோது, வழிபாட்டு வரிகளுக்குக் குறுக்கே, சுரண்டியவரின் கத்திக்குத் தப்பிய வட்டங்களும் கோடுகளும் மெல்ல வெளிப்பட்டன.