மிதிவண்டித் தொழிலின் தந்தை

வலிமை வேண்டுமாயின் பருமனும் வேண்டும் என்று கருதுவது உலக இயல்பு. ஆயினும் பருமன் வேறு; வலிமை வேறு. மெல்லிய பொருள்களையும் இடமறிந்து முறையாகப் பிணைத்தால், அவை பெருஞ்சுமையைத் தாங்கி நிற்கும். இவ்வுண்மையைத் தம் கைத்தொழிலால் உலகுக்குக் காட்டியவர் ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயப் பெரியார். இன்று தெருவெங்கும் ஓடும் மிதிவண்டியின் சக்கரத்தில் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடக்கும் மெல்லிய கம்பிகளே அவர்தம் அறிவுக்கும் உழைப்புக்கும் சான்றாக விளங்குகின்றன.

இங்கிலாந்தின் தென்பகுதியில் சசெக்ஸ் என்னும் நாட்டுப்புற மாவட்டம் உள்ளது. அங்கு ஆல்போர்ன் என்னும் சிற்றூரில், 1830-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 21-ஆம் நாள், உழவர் ஒருவரின் மகனாக ஸ்டார்லி பிறந்தார். இளமையிலேயே அவர் தந்தைக்கு உதவியாக வயலில் உழைக்கலானார். ஏட்டுக் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை. ஆனால், கண்ட பொருளை எல்லாம் உற்று நோக்கும் கண்ணும், எண்ணியதை உடனே செய்து பார்க்கும் கையும் அவருக்கு இயற்கையாகவே அமைந்திருந்தன. வீட்டில் தொல்லை தந்த எலிகளைப் பிடிக்கச் சிறுவராக இருந்தபோதே பொறியொன்று செய்தார் என்பர்.

உழவுத் தொழிலில் அவர் உள்ளம் நிலைக்கவில்லை. இளம்பருவத்திலேயே வீட்டை விட்டு வெளியேறி, இலண்டனை அடுத்த லூயிஷாம் என்னும் இடத்தை அடைந்தார். அங்கே ஜான் பென் என்னும் செல்வரின் மாளிகையில் தோட்டக்காரராக அமர்ந்தார். ஜான் பென், கப்பல்களுக்கு நீராவிப் பொறி செய்வதில் புகழ் பெற்றவர். பகலெல்லாம் செடிகளைப் பேணிய ஸ்டார்லி, ஓய்வு நேரத்தில் பழுதுபட்ட கடிகாரங்களைச் செப்பனிட்டார். குழந்தையைத் தானே ஆட்டும் தொட்டில், வேண்டிய உயரத்தில் நிறுத்தக்கூடிய மெழுகுவத்தித் தண்டு முதலியவற்றையும் செய்தார். வேலியிலுள்ள துளை வழியே வாத்து நுழைந்தவுடன், பின்தொடரும் எலி புகாதவாறு தானே மூடிக்கொள்ளும் கதவொன்றையும் அமைத்தார்.

அந்நாளில் தையற்பொறி விலையுயர்ந்த அரும்பொருளாக இருந்தது. ஜான் பென் தம் மனைவியார்க்கு வாங்கித் தந்த தையற்பொறி ஒரு நாள் பழுதுபட்டு நின்றுவிட்டது. தோட்டக்காரர் அதனைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கினார். அவ்வளவில் அமையாமல், அதனை மேலும் செம்மைப்படுத்தும் வழிகளையும் கண்டார். அவர் திறமையைக் கண்டு வியந்த பென், தையற்பொறித் தொழிலில் ஈடுபட்டிருந்த தம் நண்பர் ஜோசையா டர்னரிடம் அவரைச் சேர்ப்பித்தார். மண்வெட்டி பிடித்த கை அன்று முதல் பொறிகளை ஆக்கும் கையாயிற்று. 1861-ஆம் ஆண்டில் டர்னரும் ஸ்டார்லியும் கவென்ட்ரி நகரம் சென்று, அங்கே தையற்பொறித் தொழிற்சாலையை நிறுவினர்.

கவென்ட்ரி அப்போது இடர்ப்பட்டிருந்த நகரமாகும். பட்டு நாடா நெய்வதே அந்நகர மக்களுள் பலருக்கு வாழ்வளித்த தொழில். 1860-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டோடு செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையால், வெளிநாட்டுப் பட்டு தீர்வையின்றி இங்கிலாந்தினுள் வந்து குவிந்தது. தறிகள் நின்றன, நெசவாளர் பசியால் வாடினர், பல்லாயிரவர் பிழைப்புத் தேடி ஊரை விட்டே போயினர். புதிய தொழில் ஒன்று தோன்றினாலன்றி நகரம் தலைநிமிர்தல் அரிது என்னும் நிலை உண்டாயிற்று.

1868-ஆம் ஆண்டில் டர்னரின் உறவினரான ரௌலி டர்னர், பாரிஸ் நகரத்திலிருந்து புதுமையான ஊர்தியொன்றைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரங்களை உடைய அவ்வூர்தியின் முன்சக்கரத்து அச்சிலேயே மிதிகட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. மரச்சக்கரமும், அதன்மேல் இரும்புப் பட்டையும், கனத்த இரும்புச் சட்டமும் கொண்ட அவ்வகை வண்டிகளுள் 30 கிலோ எடையுள்ளவை அரியன அல்ல. கல் பாவிய தெருவில் அதன்மேல் அமர்ந்து செல்வோரின் எலும்பெல்லாம் குலுங்கியதால், மக்கள் அதற்கு எலும்பாட்டி என்று நகைப்பெயர் இட்டனர். தொழிற்சாலை இவ்வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. பிரெஞ்சு நாட்டில் விற்பதே அதன் நோக்கம். ஆனால் 1870-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்க்கும் பிரஷ்யருக்கும் போர் மூண்டது, அவ்வாணிகம் தடைப்பட்டது. இனி உள்நாட்டு மக்கள் விரும்பி வாங்குமாறு வண்டியைத் திருத்துவதன்றி வேறு வழியில்லை.

திருத்த வேண்டிய குற்றம் யாது? எடையே அக்குற்றம் என ஸ்டார்லி தெளிந்தார். மிதிகட்டை ஒரு முறை சுற்றினால் முன்சக்கரமும் ஒரு முறையே சுற்றும். ஆகவே, விரைந்து செல்ல வேண்டுமாயின் சக்கரம் பெரியதாக இருத்தல் வேண்டும். மரச்சக்கரத்தைப் பெரிதாக்கினாலோ அதன் எடை தாங்கொணாததாகிவிடும். சக்கரத்து எடைக்கு மற்றுமொரு தீங்கும் உண்டு. வண்டியின் ஏனைய உறுப்புகள் முன்னோக்கிச் சென்றால் மட்டும் போதும்; சக்கரத்தின் விளிம்போ முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் வேண்டும். எனவே, விளிம்பில் ஏறும் சிறு எடையும் வண்டியை விரைவுபடுத்துவோனுக்குப் பெருஞ்சுமையாகும்.

மரச்சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என மூன்று உறுப்புகள் உள. அச்சின்மேல் இறங்கும் சுமையைக் குடம் ஏற்று, தனக்குக் கீழுள்ள ஆரக்காலின்மேல் வைக்கும். ஆரக்கால் வட்டையின்மேல் ஊன்றித் தூண்போல் நிற்கும். தூண் மெலிந்தால் வளைந்து முறியுமாதலால் ஆரக்கால் பருமனாகவே இருத்தல் வேண்டும். கம்பியின் இயல்போ வேறு. அழுத்தினால் அது வளையும். இழுத்தால் எளிதில் அறாது. ஒரு நூலை ஊன்றி அதன்மேல் பொருளை நிறுத்த இயலாது. ஆனால் அந்நூலிலேயே பொருளைத் தொங்கவிடலாம். குடத்திலிருந்து வட்டை வரை சுற்றிலும் கம்பிகளை மாட்டி, அவற்றை யாழின் நரம்புபோல விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால், குடம் எப்பக்கமும் அசையாது நடுவே நிற்கும். சுமை ஏறும்போது கீழ்க்கம்பியின் விறைப்புச் சிறிது தளருமேயன்றி, அது தூண்போல் அழுத்தப்பட்டு வளையும் நிலை வாராது.

இக்கருத்து ஸ்டார்லிக்கு முன்பும் சிலரிடம் தோன்றியதுண்டு. பறக்கும் பொறிக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டுமெனக் கருதிய ஜார்ஜ் கேலி என்னும் ஆங்கிலேய அறிஞர், 1808-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சக்கரத்தை வரைந்து பார்த்தார். பாரிஸ் நகரத்து யூஜீன் மேயர் 1869-ஆம் ஆண்டில் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டார்லியும் அவர்தம் தோழர் வில்லியம் ஹில்மனும், கம்பிகள் அனைத்தையும் ஒருசேர இழுத்து விறைப்பாக்கும் நெம்புகோல் அமைப்பு ஒன்றைக் கண்டு, 1870-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். மரம் நீங்கி முழுதும் உலோகத்தாலாகிய அவ்வண்டிக்கு ஏரியல் என்று பெயரிட்டனர். அது நாடகப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியர் படைத்த, காற்றில் உலவும் ஆவியொன்றன் பெயருமாகும்.

மெல்லிய கம்பிகள் மனிதனைத் தாங்குமா என்று மக்கள் ஐயுற்றனர். அவ்வையத்தைச் சொல்லால் நீக்க முயலாமல், செயலால் நீக்க இருவரும் துணிந்தனர். ஒரு நாள் விடியற்காலையில் இலண்டனில் தம் வண்டிகளில் ஏறி, கவென்ட்ரி நோக்கிப் புறப்பட்டனர். இடைப்பட்ட தொலைவு 96 மைல். சாலையோ மேடும் பள்ளமும் நிறைந்தது. ஸ்டார்லி அப்போது நாற்பது வயதை எட்டியவர், பருத்த உடலினர். ஒரு கம்பி அறுந்து சக்கரம் சிதைந்தாலும் அவர்தம் முயற்சி நகைப்புக்கு இடமாகிவிடும். அன்று நள்ளிரவுக்குள் இருவரும் கவென்ட்ரி வந்து சேர்ந்தனர். உடல் மிகத் தளர்ந்திருந்தாலும், வண்டிகள் தளரவில்லை.

ஆயினும் ஸ்டார்லி அத்துடன் மனநிறைவு கொள்ளவில்லை. கம்பிகள் குடத்தின் நடுவிலிருந்து நேராக விளிம்புக்குச் சென்றமையால், மிதிக்குந்தோறும் குடம் முந்திச் சுழலவும் வட்டை பிந்தி நிற்கவும் முற்பட்டன, கம்பிகள் முறுக்குண்டன. 1874-ஆம் ஆண்டில் அவர் கம்பிகளைக் குடத்தின் ஓரத்தைத் தொட்டுச் செல்லுமாறு சாய்த்து, ஒன்றை ஒன்று குறுக்கிடுமாறு அமைத்தார். மிதிக்கும் விசை அதனால் கம்பி வழியே நேராக இழுக்கப்பட்டு விளிம்பை அடைந்தது. எடை ஏறாமலே வலிமை மிகுந்தது. இன்றைய மிதிவண்டிகளுள் மிகப்பலவற்றில் நாம் காணும் முறை இதுவே.

பின்னர் அவர் மூன்று சக்கர வண்டிகளில் கருத்தைச் செலுத்தினார். ஒருமுறை தம் மகன் வில்லியமும் தாமும் அருகருகே அமர்ந்து, ஆளுக்கொரு சக்கரத்தை மிதித்துச் சென்றனர். மகனின் இளமை வலிமையால் அவன் பக்கத்துச் சக்கரம் முந்த, வண்டி ஒருபுறம் திரும்பிச் சாலையோரத்தில் கவிழ்ந்தது என்பர். பிறர் வருந்தும் இடத்தில் அவர் வழி கண்டார். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளித்து, வளைவில் ஒன்று விரைந்தும் மற்றொன்று மெல்லவும் சுழல இடந்தரும் பற்சக்கர அமைப்பை 1877-ஆம் ஆண்டில் தம் வண்டியில் பொருத்தினார். பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளிலும் இவ்வமைப்பு இன்றியமையாத உறுப்பாயிற்று. அவர் செய்த சால்வோ என்னும் முச்சக்கர வண்டியை விக்டோரியா அரசியார் கண்டு விரும்பி, இரண்டு வண்டிகளைத் தருவித்துக்கொண்டார். முன்னாள் தோட்டக்காரர் அரசியாரைக் கண்டு அவ்வண்டியின் இயல்பை விளக்கும் பேறு பெற்றார்.

1881-ஆம் ஆண்டு சூன் திங்கள் 17-ஆம் நாள், தம் 51-ஆம் வயதில் நோயுற்றுக் கவென்ட்ரியில் ஸ்டார்லி உயிர் நீத்தார். 1884-ஆம் ஆண்டில் நகர மக்கள் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். தறிகள் நின்ற நகரத்தில் மிதிவண்டிப் பட்டறைகள் பெருகி, ஆயிரக்கணக்கானோர்க்கு உணவளித்தன. அவர்தம் உடன்பிறந்தார் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885-ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டியைச் செய்தார். இக்கால மிதிவண்டி அதன் வழிவந்ததே.

இந்நாளில் பந்தய மிதிவண்டி அமைப்போர், திருகாணி முதலாக ஒவ்வோர் உறுப்பையும் தராசில் இட்டுக் கிராம் கணக்கில் எடை குறைக்கின்றனர். இவ்வேட்கை எல்லை கடவாதிருக்க, பந்தய வண்டியின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறைதல் ஆகாது என்று பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. எடை குறைவதால் மட்டும் ஒரு பொருள் சிறந்ததாகிவிடாது. வலிமை குன்றாமல் எடை குறைதலே சிறப்பு. ஸ்டார்லி வேண்டியதைக் குறைக்கவில்லை, வேண்டாததையே நீக்கினார். எதை நீக்குவது, எதைக் காப்பது என்று ஆராய்ந்து தெளியும் அறிவே அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம். அவ்வறிவு பள்ளி வாய்ப்பு மிகுதியும் பெறாத ஓர் உழவர் மகனுக்கு உழைப்பால் கைவந்தது; முயல்வார் எவருக்கும் அது கைவரும்.