137-ஆம் எண் அறை



சனிக்கிழமை அறிவியல் வகுப்பில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி என்னை மடக்கிவிட்டாள். அணுவுக்குள்ளே இருக்கிற துகளையெல்லாம் கண்டுபிடிச்சாச்சே, இனி நாங்க கண்டுபிடிக்க என்னண்ணா பாக்கி இருக்குன்னு கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. தெரியாதுன்னு சொல்லக் கூச்சம். பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வுல்ஃப்காங் பவுலி ஞாபகத்துக்கு வந்தார்.

பவுலி 1900-இல் வியன்னாவில் பிறந்தவர். 21 வயதிலேயே சார்பியல் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை ஐன்ஸ்டைனே பாராட்டினார். யார் தப்பாகச் சொன்னாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார் மனுஷன்.

1930 அவருக்குச் சோதனைக் காலம். தாயாரை இழந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நவம்பரில் மணவாழ்க்கையும் முறிந்தது. சில நாள் கழித்து, டிசம்பர் 4-இல் ஒரு கடிதம் எழுதினார்.

விஷயம் இதுதாங்க. சில அணுக்கருக்கள் சிதைந்து எலெக்ட்ரானை வெளியே தள்ளும்போது, கணக்கில் கொஞ்சம் ஆற்றல் குறைந்தது. ஆற்றல் அழியாது என்ற விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர்கூட யோசித்தார். பவுலியோ, யார் கருவியிலும் சிக்காத ஒரு துகள் அதை எடுத்துக்கொண்டு போகிறது என்றார். ஆதாரம் கிடையாது. அவருக்கும் கூச்சம்தான். கட்டுரையாக அச்சில் போடத் துணியவில்லை. ஆனாலும் மறைக்காமல் சக விஞ்ஞானிகளுக்கு எழுதிவிட்டார்.

அதுதான் நியூட்ரினோ. 1956-இல் அமெரிக்காவில் ரைன்ஸும் கோவனும் அணு உலை அருகே அதைக் கண்டுபிடித்து, பவுலிக்குத் தந்தி அடித்தார்கள். 26 வருடக் காத்திருப்பு!

அதோடு முடியவில்லை. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று 1998-இல் ஜப்பான் ஆய்வு காட்டியது. எவ்வளவு நிறை? அது தனக்குத்தானே எதிர்த்துகளா? இன்றுவரை விடை இல்லை.

1945-இல் நோபல் பரிசு வாங்கிய பவுலியைக் கடைசிவரை வாட்டிய கேள்வி வேறொன்று. ஒளிக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள பிணைப்பின் வலிமையைச் சொல்லும் எண், ஏறக்குறைய 1/137. அளக்க முடிகிறது. ஏன் அந்த எண் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. 1958 டிசம்பரில் நோயோடு சூரிச் மருத்துவமனையில் சேர்ந்தார். அறை எண் 137! பார்க்க வந்த உதவியாளரிடம் அதைத்தான் சுட்டிக்காட்டினார். டிசம்பர் 15-இல் காலமானார். கேள்வி அப்படியே நிற்கிறது.

வரும் சனிக்கிழமை அந்தத் தங்கச்சியிடம், அன்னிக்கு எனக்குப் பதில் தெரியலம்மா என்று ஒத்துக்கொள்ளப் போகிறேன். பிறகு இந்தக் கேள்விகளை வெண்பலகையில் எழுதி வைப்பேன். பாக்கி இருப்பது இதுதான், அவளுக்காக.