சுப்பையாவுக்கு ஊர் சூட்டிய பெயர்கள்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் எட்டயபுரம். வழிநெடுகக் கரிசல் காடு. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் விளையும் அந்த மண்ணில், 1882 டிசம்பர் 11 அன்று, சின்னச்சாமி அய்யருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் ஒரு மகன் பிறந்தான். இட்ட பெயர் சுப்பிரமணியன். வீட்டார் அழைத்தது சுப்பையா. முப்பத்தெட்டே ஆண்டுகள் வாழ்ந்த அந்த மனிதருக்கு ஜமீனும் சர்க்காரும் ஊரும் எத்தனை பெயர் சூட்டின, அவற்றில் எதை அவர் ஏற்றார், எதை உதறினார் என்பதைத் தோழர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில், 1893இல், எட்டயபுரம் புலவர் சபையில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. அது அவர் விரும்பி அணிந்த பெயர். ஆனால், பட்டம் பசி தீர்க்குமா? தந்தை எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலை நொடித்தது. போட்ட முதல் போயிற்று. 1898இல் தந்தையும் மாண்டார். பஞ்சு விளையும் பூமியிலேயே பஞ்சுத் தொழில் செய்தவன் எப்படி ஏழையாகிறான் என்ற பாடத்தைப் பாரதியார் தம் வீட்டிலேயே படித்தார்.

பிறகு காசி வாசம். அங்கே குடுமியை எடுத்தார்; மீசை வளர்த்தார்; தலைப்பாகை கட்டினார். 1902இல் திரும்பி வந்து ஜமீன் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். அரண்மனைப் புலவன் என்ற பெயரோடு சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர்; அதே ஆண்டில் சென்னை சென்று சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர்.

1906இல் இந்தியா வார இதழ் வந்தது. அன்னிய ஆட்சி அவருக்கு ஒரு புதுப் பெயர் வைத்தது: ராஜத்துரோகி. 1908இல் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விழுந்தது. இந்தியா இதழின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். பாரதியார் புதுச்சேரி சென்றார். பத்தாண்டுகள் ஒற்றர்களின் கண் அவர் வாசலை விட்டு அகலவில்லை.

அந்தப் புதுச்சேரியில் அவர் செய்தது என்ன? ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். தெரு மக்கள் பித்தன் என்று ஒதுக்கிய குள்ளச்சாமியைத் தம் குருக்களில் ஒருவராகப் போற்றிப் பாடினார். ஊர் ஒட்டிய சீட்டை நம்பாமல் ஆளைப் பார்த்த கண் அது.

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதானார். டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் இன்னொரு பெயரும் விழுந்தது: பைத்தியம்!

காரணம் என்ன? எல்லாச் சாதியாரோடும் பழகினார். மனைவியின் தோள்மேல் கை போட்டுத் தெருவில் நடந்தார். தமக்குத் தாமே உரக்கப் பாடினார். கழுதைக் குட்டியைக் கொஞ்சினார் என்றும் சொல்லுவார்கள். சர்க்காருக்கு அவர் ஆபத்தானவர், அக்கிரகாரத்துக்குச் சாதி கெட்டவர், தெருவுக்குப் பித்தர். ஒரே உடம்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சீட்டு. சீட்டை ஒட்டியவர்கள் எத்தனை பேர், உலையில் அரிசி உண்டா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? 1919இல் எட்டயபுரம் ஜமீனுக்குச் சீட்டுக்கவி எழுதினார். ஆதரவு வரவில்லை.

1920இல் மீண்டும் சுதேசமித்திரன். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளப்பட்டார். பிழைத்தார். ஈரோடு கருங்கல்பாளையம் வரை சென்று பேசினார். செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை.

அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்ததா? நூறாண்டு கழித்து யாரும் நாடி பிடித்துப் பார்க்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லலாம். ஊரோடு ஒத்துப் போகாததை நோய் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதையே விதியாக்கியிருக்கிறது: சமூகத்தின் ஒழுக்கத்துக்கோ, அரசியலுக்கோ, சமயத்துக்கோ ஒத்து நடக்கவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது.

அப்படியானால் மனநோயே பொய்யா? இல்லை, தோழர்களே! அது மெய், மில் தொழிலாளிக்கும் வரும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய்க்கும் வரும். மருத்துவம் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்றே பிரிவு உண்டு. அங்கே ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று எழுதுவார். மற்றொருவர் பதற்றம் என்பார். மூன்றாமவர் இரண்டும் சேர்ந்தது என்பார். மிரள வேண்டாம். தூக்கமின்மை, பயம், வேலையில் மனம் பதியாமை ஆகியவை பல நோய்களுக்கும் பொதுவானவை. நாள்பட நாள்பட நோயின் பெயர் மாறலாம். இரண்டு மூன்று பெயர் சேர்ந்தும் வரலாம். அது என்ன சிகிச்சை தருவது என்று பார்ப்பதற்காக எழுதிய பெயர். ஆளின் பெயர் அல்ல.

கேடு எங்கே வருகிறது? மருத்துவச் சீட்டில் இருக்க வேண்டிய பெயர் தெருவுக்கு வரும்போது வருகிறது. முதலாளி வேலை இல்லை என்கிறான். சொந்தக்காரர் பெண் இல்லை என்கிறார். கடைசியில் அந்தத் தொழிலாளியே, தான் யார் என்று கேட்டால், தன் தொழிலையும் திறமையையும் மறந்து நோயின் பெயரைச் சொல்லத் தொடங்குகிறான். நோய் பறிக்காததையும் பெயர் பறித்துவிடுகிறது.

பித்தர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு 1947இல் அதே எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. மண்டபம் கட்டியது நல்லதுதான். ஆனால், உயிரோடு இருந்தபோது அவர் வீட்டுக்குப் போயிருந்தால் அதைவிட நல்லது. இன்றும் நம் தெருவில் ஒருவர் அந்தப் பெயரால் ஒதுங்கிக் கிடப்பார். இன்று மாலையே அவர் வீட்டுக்குப் போங்கள். தாய் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வேண்டுமானால் மருத்துவமனைக்குத் துணையாகவும் போங்கள்.