கல்வெட்டையும் பாடமாக்கிய பேராசிரியர்
திருவனந்தபுரம் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897)

பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்பு என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ராஜாக்களின் பெயர்களும், யுத்தங்களும், மனப்பாடம் செய்த வருஷங்களும்தான். பரீட்சை முடிந்ததும் அவை மறந்துவிடும். அபூர்வமாகச் சிலருக்கு மட்டும், இந்த வருஷம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று கேட்கக் கற்றுக் கொடுத்த ஓர் ஆசிரியர் வாய்த்திருப்பார். அவரை ஆயுள் உள்ளவரை மறக்க முடியாது.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அப்படி நினைக்கத்தக்க ஒருவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். தமிழ்நாட்டில் விழா மேடைகளில் எழுந்து நின்று நாம் கேட்கும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றியவர் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஆசிரியர் என்பதும் தெரிந்ததே. ஆனால் அவர் காலேஜ் ஆசிரியராக வாழ்ந்தவர், தென்னாட்டுச் சரித்திர ஆராய்ச்சிக்கு வழி காட்டியவர் என்பது நம் அன்பர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இக்கட்டுரை அந்த சுந்தரம் பிள்ளை அவர்களைப் பற்றியது.

இளமையும் கல்வியும்

1855-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை துணி வியாபாரம் செய்தவர். தாயார் மாடத்தி அம்மாள். முன்னோர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள். பாலக்காடு, திருவனந்தபுரம், கொச்சி என்று மலையாள நாட்டில் வேர் கொண்டும் வீட்டில் தமிழை விடாத குடும்பங்களின் வாழ்க்கையை நாம் நன்றாகவே அறிவோம். இவருடைய வீடும் அப்படிப்பட்டதே. தமிழை நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் முறையாகக் கற்றார். அதே ஆசிரியரிடம் பின்னாளில் பயின்ற இன்னொருவர் மறைமலையடிகள்.

திருவனந்தபுரம் மகாராஜா காலேஜில் படித்து 1876-இல் பி.ஏ. தேறினார். இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று வழங்குவது அந்தக் கல்லூரிதான். மறு ஆண்டு திருநெல்வேலியில் ஓர் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகச் சென்றார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி ஆயிற்று. சோழர் சரித்திரத்தை எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரிகள் படித்ததும், பிறகு சில காலம் ஆசிரியராக இருந்ததும் அதே கல்லூரியில்தான்.

திருநெல்வேலி வாசம் அவருக்கு ஒரு குருவையும் தந்தது. தாமிரபரணிக் கரையில் உள்ள கோடகநல்லூரைச் சேர்ந்த சுந்தர சுவாமிகள் என்ற துறவியை அவர் குருவாக ஏற்றார். மனோன்மணீயத்தில் வரும் சுந்தர முனிவர் என்ற பாத்திரம் அந்த குருபக்தியின் அடையாளம்.

மகாராஜா காலேஜில்

சில ஆண்டுகளில் திருவனந்தபுரம் திரும்பினார். 1880-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். நடுவே 1882 முதல் மூன்று ஆண்டுகள் சமஸ்தானத்தின் வருவாய்த் துறையில் சிரஸ்ததார் பதவி வகித்தார். அந்தக் காலத்தில் அது அந்தஸ்தும் வருமானமும் உள்ள உத்தியோகம். ஆயினும் 1885-இல், அவருடைய ஆசிரியரான டாக்டர் ஹார்வி ஓய்வு பெற்றபோது, அவருடைய இடத்தில் தத்துவப் பேராசிரியராகக் காலேஜுக்கே வந்துவிட்டார். கடைசி நாள் வரை ஆசிரியராகவே இருந்தார்.

தம் ஆசிரியரிடம் அவருக்கு இருந்த மதிப்பு சாதாரணமானதல்ல. 1891-இல் வெளியான மனோன்மணீயத்தை ஹார்விக்கே காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் குன்றின் மேல் கட்டிய தம் வீட்டுக்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். ஸ்காட்லாந்து தேசத்து ஆசிரியருக்கு ஒரு சைவத் தமிழர் செலுத்திய குருதட்சிணை என்று இதைச் சொல்லலாம்.

அதே 1885-இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையை நிறுவினார். 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்து, இளவரசருக்கு ஆசிரியராக இருந்த கும்பகோணம் காலேஜ் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கினார். அச்சமயம் அவரைச் சந்தித்து உரையாடியவர்களில் சுந்தரம் பிள்ளையும், ரசாயனப் பேராசிரியர் ரங்காசாரியாரும் இருந்தார்கள். சிகாகோ மாநாட்டுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்த நேரம் அது. அப்போது அந்த இளம் துறவியின் பெயரை உலகம் அறியவில்லை.

சம்பந்தரின் காலம்

சரித்திரத்தில் அவர் செய்த பெரும் பணிக்கு வருவோம். திருஞானசம்பந்தர் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார் என்பது அன்று பெரிய கேள்வி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல், சம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனும், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது ஆண்ட சுந்தர பாண்டியனும் ஒருவரே என்று கொண்டிருந்தார். அதை ஒப்புக்கொண்டால் தேவாரம் ராஜராஜ சோழனுக்கும் பிற்பட்டதாகிவிடும். தமிழ் இலக்கியம் முழுவதுமே சில நூறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

அன்று தமிழ்ப் பண்டிதர்கள் பலர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார்கள். சம்பந்தர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர் என்று சிலர் பதில் சொன்னார்கள். சுந்தரம் பிள்ளை இரண்டு வழியிலும் போகவில்லை. படிப்படியாகக் கணக்குப் போட்டார்.

பெரிய புராணம் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். அவருக்கு ஆதாரமாக நின்றவர் நம்பியாண்டார் நம்பி. எனவே அவர் முந்தியவர். அந்த நம்பிக்கு ஆதாரமாக நின்றது சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத் தொகை. எனவே சுந்தரர் அதற்கும் முந்தியவர். அந்தத் தொகையிலேயே சம்பந்தர் அடியார்களில் ஒருவராகப் போற்றப்படுகிறார். இத்தனை தலைமுறைகளை வைத்துக்கொண்டு சம்பந்தரை 13-ஆம் நூற்றாண்டில் எப்படி நிறுத்துவது?

இன்னொரு சான்று நம் வீடுகளில் பாராயணம் செய்யும் ஸௌந்தர்யலஹரியிலிருந்து வந்தது. அம்பிகையின் பாலை உண்டு கவி பாடிய திராவிட சிசுவை ஆதிசங்கரர் அதில் குறிப்பிடுகிறார். அந்தக் குழந்தை சம்பந்தரே என்பது பலர் கொண்ட பொருள். அப்படியானால் சம்பந்தர் சங்கரருக்கும் முந்தியவர். இப்படிப் பல சான்றுகளைச் சேர்த்து, சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று அவர் முடிவு கட்டினார். இந்த ஆராய்ச்சி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் வந்து, 1895-இல் தமிழ் இலக்கிய வரலாற்றின் மைல்கற்கள் என்ற பொருளுள்ள ஆங்கிலத் தலைப்பில் நூலாயிற்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கல்வெட்டு அறிஞர் வெங்கய்யா வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சம்பந்தரின் காலத்தவரான சிறுத்தொண்டர் வாதாபி யுத்தத்தில் படை நடத்தியவர் என்கிறது பெரிய புராணம். பல்லவ நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது சுமார் 642-இல். இருவர் தனித்தனியே போட்ட கணக்குக்கு ஒரே விடை வந்தது. ஓர் ஆசிரியருக்கு இதைவிட மகிழ்ச்சி என்ன வேண்டும்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கால்டுவெல் தமிழுக்குச் செய்த தொண்டைப் பெரிதாக மதித்தவர்கள் அநேகர். அந்தப் பெயருக்காக அவருடைய முடிவை அவர் ஏற்கவும் இல்லை. வெளிநாட்டுப் பாதிரியார் என்பதற்காக மறுக்கவும் இல்லை. சொன்னவர் யார் என்று பார்க்காமல் சான்று என்ன என்று மட்டும் பார்த்தார்.

வேணாட்டு அரசர்கள்

திருவிதாங்கூர் சரித்திரம் அன்று பெரும்பாலும் செவிவழிக் கதைகளாகவே இருந்தது. மார்த்தாண்ட வர்மாவுக்கு முன்பு ஆண்டவர்கள் யார் யார் என்பதற்கு நம்பத்தகுந்த பட்டியல் இல்லை. சுந்தரம் பிள்ளை ஊர் ஊராகக் கோயில் கல்வெட்டுகளைத் தேடினார். பழைய கல்வெட்டுகள் பல வட்டெழுத்தில், தமிழ் மொழியில் இருந்தன. அவற்றைப் படியெடுத்து, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வேணாட்டை ஆண்ட அரசர்கள் பலரின் பெயரையும் காலத்தையும் நிலைநாட்டினார். திருவிதாங்கூரின் பண்டைய அரசர்களைப் பற்றிய அந்த ஆங்கில நூல் 1894-இல் வெளிவந்தது.

இதிலும் கணக்குதான் அவருக்குத் துணை. அந்நாட்டுக் கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டும் மாதமும் இருக்கும். வியாழன் நின்ற ராசியும் குறிக்கப்பட்டிருக்கும். வியாழன் ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்றிவரச் சுமார் பன்னிரண்டு ஆண்டு ஆகும். எனவே ஆண்டு எண்ணில் ஓர் இலக்கம் சிதைந்திருந்தாலும் வியாழன் நிலையை வைத்துச் சரிபார்க்கலாம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நம் பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணலிக்கரையில் கிடைத்த கொல்லம் 410-ஆம் ஆண்டு (கி.பி. 1235) சாசனத்தை அவர் பெரிதும் போற்றினார். நிலவரி எவ்வளவு, விளைச்சல் பொய்த்தால் எவ்வளவு தள்ளுபடி என்று அரசனின் அதிகாரிகளும் ஊர்ச் சபையாரும் கூடி வகுத்த ஏற்பாடு அது. அரசர்களின் பெயரைத் தேடிப் போன ஆசிரியர், குடிகளின் உரிமையையும் அந்தக் கல்லில் கண்டெடுத்தார்.

கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு எப்படி வந்தது என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் சொன்னார். வடநாட்டு ஸப்தரிஷி ஆண்டுக் கணக்கில் நூறுகளை விட்டுவிட்டு எண்ணும் வழக்கம் உண்டு. அதன்படி அந்தச் சமயத்தில் ஒரு நூறு முடிந்து மறுபடி ஒன்று தொடங்கியது; அதுவே கொல்லம் ஆண்டாக நிலைத்தது என்பது அவர் கருத்து. பின்னால் வந்த அறிஞர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. கொல்லம் நகரத்தோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. தம் முடிவுக்கு வந்த வழியை அவர் ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தான் பிறர் அதைச் சோதிக்கவும் மறுக்கவும் முடிந்தது. அதுவும் ஆசிரியர் தர்மம்தானே.

லண்டன் ராயல் ஹிஸ்டாரிகல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1896-இல் ராவ் பகதூர் பட்டம் வந்தது. மறு ஆண்டே, 1897 ஏப்ரல் 26-ஆம் தேதி, அவர் காலமானார். வயது 42 மட்டுமே. ஒரே மகன் நடராஜ பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. அந்த மகன் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சொத்துக்களை இழந்து, 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் நிதி மந்திரியாகவும், 1962-இல் திருவனந்தபுரம் லோக்சபா உறுப்பினராகவும் ஆனார். 1966-இல் எளியவராகவே மறைந்தார்.

நாம் நினைக்க வேண்டியது

ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். சுந்தரம் பிள்ளை பெயரைக் கேட்டால் நம்மவர்களில் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. மனோன்மணீயத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்தில், வழக்கொழிந்த மொழி என்று ஸம்ஸ்கிருதத்தைச் சுட்டும் ஓர் இடம் இருக்கிறது. 1970-இல் தமிழக அரசு அதை வாழ்த்துப் பாடலாக ஏற்றபோது அப்பகுதியை விட்டுவிட்டது. 2021-இல் மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பட்டதும் அந்தச் சுருங்கிய வடிவமே. அவருடைய பெயரை மொழிச் சண்டைகளில் இரு தரப்பாரும் எடுத்தாண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த வரிகளை எழுதிய அதே கைதான் சம்பந்தருக்குச் சாட்சியாக ஆதிசங்கரரை அழைத்தது. தமிழின் பெருமையை நிலைநாட்ட ஸம்ஸ்கிருத ஸ்தோத்திரம் உதவுமானால் அதை மனமார ஏற்றது. பற்று இருக்கலாம், ஆனால் பற்று சான்றைத் திருத்தக் கூடாது என்பதே அவருடைய நூல்களில் நாம் காணும் பாடம். அந்தப் பாடம் நமக்கும் வேண்டியதே. நம் குலம், நம் கிராமம், நம் க்ஷேத்திரம் இவற்றின் தொன்மையைப் பேசும்போது நாமும் ஆயிரம், ஐயாயிரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம் அல்லவா?

இன்று நம் அங்கத்தினர்கள் மும்பை, டெல்லி, பெங்களூர், அதற்கும் அப்பால் என்று பரவி இருக்கிறோம். பூர்வீக கிராமத்துக்குக் கும்பாபிஷேகத்துக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ வருஷத்துக்கு ஒரு முறை போகிறோம். அடுத்த முறை போகும்போது பிராகாரச் சுவரில் சுண்ணாம்புக்கும் பெயிண்ட்டுக்கும் அடியில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், திருப்பணிக் கமிட்டியாரிடம் அதை அழிக்காமல் காக்கச் சொல்லுங்கள். கூட வரும் பேரன் பேத்திகள், இது எப்போது எழுதியது, எப்படித் தெரியும் என்று கேட்டால், அலுத்துக்கொள்ளாமல் உடன் நின்று எண்ணிப் பாருங்கள்.

சுந்தரம் பிள்ளை அவர்களின் வகுப்பில் உட்காரும் பாக்கியம் நமக்கு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் குழந்தை ஒன்று நம் வீட்டில் இருந்தால், அவர் நடத்திய பாடம் இன்னும் முடியவில்லை என்று மகிழலாம்.