கான்சாகிபு: பொன்மலை முதல் மதுரை வரை

நம் ஊர்ப் பெயருக்குப் பெரியோர் கூறும் பொருளை நாம் அனைவரும் அறிவோம். செரு என்றால் போர். சூரனோடு பொருத சினம் முருகனுக்குத் தணிந்த இடமாதலால் செருத்தணி. அதுவே திருத்தணி ஆயிற்று என்பர். ஆனால் 365 படிகளையும் ஏறி மேலே நின்று, ஒரு பக்கம் பச்சரிசி மலையையும் மறுபக்கம் பிண்ணாக்கு மலையையும் பார்த்துவிட்டுக் கீழே விரியும் சமவெளியை நோக்கும்போது என் மனம் வேறொன்றை எண்ணும். மேலே நிற்பவன் கீழே வருபவரை ஒவ்வொருவராக எண்ணிவிடலாம். கீழே வருபவனுக்கோ மேலே எத்தனை பேர் என்பதே தெரியாது. ஒரு படைத்தலைவன் குன்றைக் கண்டால் விடமாட்டான் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

முருகனின் செரு இங்கே தணிந்தது. மனிதரின் செரு தணியவில்லை. ஆர்க்காட்டு நவாப் பட்டம் யாருக்கு என்று பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மூண்ட போர் நம் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. 1749-இல் ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். 1752-இல் இங்கிருந்து தெற்கே இருக்கும் காவேரிப்பாக்கத்து மாந்தோப்பில் பிரெஞ்சுப் பீரங்கிகள் மறைந்திருந்து கிளைவின் படையைச் சுட்டன. வரலாற்று நூல்கள் இதனைக் கர்நாடகப் போர் என்றும், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போட்டி என்றும் எழுதுகின்றன. எனக்கென்னவோ இதனை உள்நாட்டுப் போர் என்று சொல்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு பக்கம் சந்தா சாகிபு, மறுபக்கம் அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி. இரு பக்கமும் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்த சிப்பாய்களே. ஒரு சிப்பாய் சுட்டால் விழுபவன் அவனுடைய பக்கத்து ஊர்க்காரனாகவும் இருக்கலாம்.

அந்தச் சிப்பாய்களிடையே இருந்து எழுந்து, அவர்கள் அனைவருக்கும் தலைவரானவர் யூசுப்கான். மருதநாயகம் என்று மக்கள் அழைப்பதும், கான்சாகிபு என்று நாட்டுப்பாடல் அழைப்பதும் இவரையே. 1997-இல் இங்கிலாந்து அரசி முன்னிலையில் தொடங்கி முடிவடையாமற்போன திரைப்படத்தால் இன்று பலருக்குப் பெயர் மட்டும் தெரியும். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் 1725-ஆம் ஆண்டையொட்டி வேளாளர் குடும்பத்தில் பிறந்தார், இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறினார், இசுலாத்தைத் தழுவினார், பல ஊர் சுற்றி, பல மொழி கற்று, நெல்லூரில் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாகச் சுபேதார் ஆனார். சந்தா சாகிபோடு நடந்த போரின்போது கிளைவின் படைக்கு வந்தார். பின்னர் மேஜர் லாரன்சின் கீழ்த் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றினார். அவரை உருவாக்கிய பள்ளிக்கூடம் அந்தத் திருச்சி முற்றுகைதான்.

1752-இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டபின் போர் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. உதவிக்கு வந்த மைசூர்த் தளவாய் நஞ்சராஜருக்குத் திருச்சியையே தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். வெற்றி கிடைத்ததும் வாக்கு காற்றில் போயிற்று. ஏமாந்த நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டார். முராரிராவின் மராட்டியக் குதிரைப்படையும் அவர் பக்கம் நின்றது. (முகம்மது அலியின் இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நம் கதைக்கு மீண்டும் வரும்.) இதற்கிடையே கோட்டைக் களஞ்சியத்தில் இருப்பதாக நம்பிய நெல் விற்கப்பட்டுவிட்டது என்பதும் தெரிய வந்தது. வெளியிலிருந்து அரிசி வந்தால்தான் கோட்டைக்கு உயிர். அரிசியோ தஞ்சைச் சீமையிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் மாட்டின் முதுகில் வர வேண்டும். அந்த வழிகளைக் கண்காணிக்கும் காவற்கோபுரங்கள் போல் ஊருக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் சில பாறைக்குன்றுகள் நின்றன. அவற்றுள் ஒன்றுதான் பொன்மலை. இன்று ரயில்வே பணிமனையால் ஊரறிந்த அதே பொன்மலை.

1753 ஜூன் 26-ஆம் நாள். பொன்மலை உச்சியில் லாரன்ஸ் ஒரு சிறு சிப்பாய்க் காவலை நிறுத்தியிருந்தார். அன்று காலை சிப்பாய்களில் பலர் அரிசி வாங்க ஊருக்குள் போயிருந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சுத் தளபதி அஸ்ட்ரூக் குன்றைத் தாக்கினார். லாரன்ஸ் பாதிவழி வருவதற்குள் குன்றின்மேல் பிரெஞ்சுக் கொடி ஏறிவிட்டது. அடிவாரத்தில் பிரெஞ்சுப் பட்டாளம் பீரங்கிகளோடு அணிவகுத்து நின்றது. சுற்றிலும் பல்லாயிரம் மைசூர், மராட்டியக் குதிரைகள்.

இப்போது என்ன செய்வது? திரும்பி ஓடினால் வெட்டவெளியில் குதிரைப்படை வெட்டிச் சாய்த்துவிடும். நின்றால் மலைமேலிருந்து குண்டு விழும். குன்று போனால் முகாமும் போகும். அரிசிப் பாதையும் அடைபடும். முன்னேறுவது பைத்தியக்காரத்தனம், ஆனால் மற்ற இரண்டும் அதனினும் கேடு. லாரன்ஸ் தம் சிறுபடையை இரண்டாகப் பிரித்தார். கிரனேடியர்களும் தேர்ந்தெடுத்த சிப்பாய்களும் நேரே குன்றின்மேல் ஏற வேண்டும். மற்றவர்களோடு அவர் குன்றைச் சுற்றிக்கொண்டு போய் அடிவாரப் பட்டாளத்தைத் தாக்குவார்.

ஏறியவர்கள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு ஏறினார்கள். இதைப் படித்தபோது முதலில் வியந்தேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். அக்காலத் துப்பாக்கியை நன்கு பழகிய கைகூட நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறைதான் சுட முடியும். சரிவில் நின்று மருந்திட்டுக் கெட்டிக்கும் ஒவ்வொரு விநாடியும் மேலே இருப்பவனுக்கு ஆதாயம். நிற்காமல் ஏறுபவனைக் குறிபார்ப்பதே கடினம். அன்றியும் வெடித்த துப்பாக்கி உச்சியை அடையும்போது வெறுந்தடி. வெடிக்காத துப்பாக்கியோ எதிரியின் நெஞ்சில் அச்சம். மேலே இருந்தவர்கள் மறுபக்கம் இறங்கி ஓடினார்கள். உடனே நிலைமை தலைகீழாயிற்று. எந்தக் குன்று லாரன்சுக்கு எமனாக நின்றதோ அதன் உச்சியிலிருந்தே பிரெஞ்சுப் பட்டாளத்தின் விலாவில் குண்டுகள் பொழிந்தன. அதே வேளையில் லாரன்சும் பக்கவாட்டில் வந்து மோதினார். பிரெஞ்சு அணி உடைந்தது. மூன்று பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன. இந்தச் சண்டையில் கிரனேடியர் தலைவர் கேப்டன் கிர்க் உயிர் துறந்தார். கைப்பற்றிய பீரங்கிகளை நடுவில் வைத்துக்கொண்டு, பாய்ந்து வந்த குதிரைப்படையை அருகில் வரவிட்டுச் சுட்டுச் சிதறடித்தபடி அந்தச் சிறுபடை முகாம் திரும்பிற்று.

கிர்க்கின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவரோடு ஏறிய தமிழ், தெலுங்குச் சிப்பாய்களின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 9-இல் தஞ்சையிலிருந்து வந்த உணவுக்காக அதே பொன்மலையில் மீண்டும் போர். செப்டம்பர் 21-இல் அருகிலிருந்த மற்றொரு பாறையடியில் மூன்றாம் போர். பெயரில்லாதவர்களே அவற்றிலும் மாண்டார்கள்.

அந்தப் பெயரில்லாதவர்களிடையே யூசுப்கானின் பெயர் மட்டும் எப்படி ஏறியது? இரண்டு காரியங்களால்: ஒற்றறிதல், உணவுத் துணைப்படை நடத்துதல். எதிரி எங்கே இருக்கிறான் என்று அறிந்து, அவன் இல்லாத வழியில் மாட்டுப் பொதிகளைக் கொண்டு சேர்ப்பதில் அவருக்கு இணையில்லை. 1754 மே மாதத்தில் கேப்டன் கேலியாடோடு உணவுப் பொதிகளை எதிர்கொள்ளச் சென்ற இரவில் யூசுப்கான் முன்னால் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். ஓர் ஏரிக்கரை மேட்டை அணுகியபோது அவர் குதிரை கனைத்தது. இருளிலிருந்து வேறொரு குதிரை பதில் கனைத்தது. தாங்கள் தங்க எண்ணிய இடத்தில் எதிரி முன்பே பதுங்கியிருக்கிறான் என்பதை அந்த ஒரு கனைப்பிலிருந்து தெரிந்துகொண்டார். பொறிக்குள் தலையை விடாமல் படை தப்பியது.

ஆனால் ஒற்றனுக்கு எதிரி வெளியில் மட்டுமா இருக்கிறான்? அதே ஆண்டு, லாரன்சின் மொழிபெயர்ப்பாளனான பொன்னியப்பன், யூசுப்கான் மைசூராருக்குக் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார் என்று பழி சுமத்திப் பொய்க் கடிதமும் புனைந்தான். விசாரணையில் வஞ்சகன் பொன்னியப்பனே என்று தெரிந்தது; அவன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். யூசுப்கான் கும்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டண்ட், நம் மக்கள் வாயில் கும்மந்தான், ஆனார்.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1756 முதல் மதுரை, திருநெல்வேலிப் பாளையங்களை அடக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. 1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது தெற்கிலிருந்து அழைக்கப்பட்டார். கேப்டன் பிரெஸ்டனோடு சேர்ந்து செங்கற்பட்டுப் பக்கம் இருந்துகொண்டு லாலிக்கு வரும் உணவை வழிமறித்தார். 1759 பிப்ரவரி 9-இல் பரங்கிமலையடியில் கேலியாடின் தலைமையில் நடந்த கடும்போரிலும் பங்கேற்றார். திருச்சியில் உணவைக் காத்தவர் இங்கே உணவை மறித்தார். கலை ஒன்றே, கை மட்டும் மாறியது. பின்னர் மதுரைச் சீமையைக் குத்தகையாகப் பெற்று ஆண்டார். கள்வர் பயத்தை ஒழித்தார். ஏரி, கால்வாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்களை மீட்டுத் தந்தார். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்ற பெயர் இன்றும் அவரைச் சொல்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. 1761-இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்தவரும் இவரே. கும்பெனிக்கு முதலில் பணிய மறுத்தவர்களைக் கும்பெனிக்காக அடக்கிய கை இவருடையது. பின்னால் அதே கும்பெனியை எதிர்த்ததால் முன்னது இல்லையென்று ஆகிவிடாது. அதனால் அவரைத் தூய விடுதலை வீரர் என்று பாட என் மனம் ஒப்பவில்லை. வெறும் கூலிப்படையாள் என்று தள்ளவும் முடியவில்லை.

சீமை செழித்ததும் நவாப் முகம்மது அலிக்குப் பொறாமை மூண்டது. கும்மந்தான் தமக்கு அடங்கிய வேலைக்காரர் என்றார். கும்பெனியும் நவாப் பக்கம் சாய்ந்தது. எந்த முகம்மது அலியின் பட்டத்துக்காகத் திருச்சியில் பசியோடு போரிட்டாரோ அவருக்கே கைகட்டி நிற்க யூசுப்கான் மறுத்தார். 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அவ்வாண்டு நடந்த முதல் முற்றுகை தோற்றது. 1764-இல் மேஜர் கேம்பல் மீண்டும் வந்தார். ஜூன் மாதம் நடந்த பெருந்தாக்குதலையும் யூசுப்கான் முறியடித்தார். அதில் படுகாயமுற்று மாண்டவர் யார் தெரியுமா? லாலியை எதிர்த்து அவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன்.

தாக்கிப் பிடிக்க முடியாது என்று கண்ட கேம்பல் வேறு முடிவெடுத்தார். கோட்டையைச் சுற்றி வளைத்தார். ஒரு மணி அரிசியும் உள்ளே போகாமல் அடைத்தார். யூசுப்கானுக்கு இது புதிய பாடமா? திருச்சியில் இதன் ஒரு பக்கத்தையும், சென்னையில் மறுபக்கத்தையும் அவர் நன்கு அறிந்தவர். ஆனால் திருச்சிக்கு லாரன்ஸ் இருந்தார், தஞ்சை இருந்தது, தொண்டைமான் இருந்தார், வழியறிந்து பொதி கொண்டுவர ஒரு யூசுப்கான் இருந்தார். மதுரைக்குள் இருந்த யூசுப்கானுக்கு வெளியே அப்படி ஒருவரும் இல்லை.

பசி உள்ளிருந்தவர்களின் மனத்தை முறித்தது. திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிபு, பிரெஞ்சுத் தலைவர் மார்ச்சந்து ஆகியோர் இரகசியமாகக் கூடினார்கள். அக்டோபர் 13-ஆம் நாள், தொழுகையில் இருந்த கான்சாகிபின்மேல் பாய்ந்து அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள். எதிரி முகாமில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பொன்னியப்பன் பொய்யாகப் புனைந்த காட்டிக்கொடுத்தல் பத்தாண்டு கழித்து மெய்யாகவே நடந்தது. இம்முறை விசாரணை இல்லை. 15-ஆம் நாள், மதுரைக்கு மேற்கே இருந்த முகாமில், நவாபின் கட்டளைப்படி அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பது.

கயிறு அறுந்தது என்றும், இறந்த பின்னும் அஞ்சி உடலைக் கூறுபோட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும் மக்கள் கூறுவர். எஞ்சிய உடலைப் புதைத்த இடம் சம்மட்டிபுரம். பின்னாளில் அங்கே எழுந்த சிறு பள்ளிவாசலைக் கான்சாகிபு பள்ளிவாசல் என்றே அழைக்கிறார்கள்.