சலீம் அலி: குருவிக் கூட்டை உற்றுப் பார்த்தே பறவை மனிதர் ஆனவர்... கூண்டுப் பெட்டி மாட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய கதை

மதுரையில் பால்கனியிலும் மாடிப்படி ஓரத்திலும் சிட்டுக்குருவிக்காக மரப்பெட்டி மாட்டி வைப்பவர்கள் நிறைய பேர். சில பெட்டிகளில் குருவி குடியேறும். சில பெட்டிகள் வருஷக்கணக்கில் காலியாவே தொங்கும். ஏன் இந்த வித்தியாசம்? இதற்கான விடை, இந்தியாவின் பறவை மனிதர் சலீம் அலியின் வாழ்க்கையில் இருக்கு.

யார் இந்த சலீம் அலி?

1896 நவம்பர் 12-ம் தேதி மும்பையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். கையில் கிடைத்த ஏர்கன்னால் குருவி சுடுவதுதான் அப்போதைய விளையாட்டு. ஒருநாள் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம். அது என்ன பறவைன்னு யாருக்கும் தெரியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப்போனார். செயலாளர் மில்லார்டு, பறவையின் பெயரைச் சொன்னதோடு, அங்கிருந்த பதப்படுத்திய பறவைகளையும் காட்டினார். சிறுவனின் பாதை அங்கேயே மாறியது.

லாயத்துச் சுவரில் ஒரு ஓட்டை

அந்த வயதிலேயே அவர் எழுதி வைத்த இன்னொரு குறிப்பு முக்கியமானது. குதிரை லாயத்தில் இருந்த ஓட்டையில் பெண் சிட்டுக்குருவி அடைகாத்தது. வெளியே காவல் இருந்த ஆண் குருவியை அவர் சுட்டார். கொஞ்ச நேரத்தில் வேறொரு ஆண் வந்து உட்கார்ந்தது. 7 நாளில் 8 ஆண் குருவிகள் செத்தன. ஆண் மாறிக்கிட்டே இருந்தது, பொந்து மட்டும் மாறலை.

சிட்டுக்குருவி, மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை எல்லாமே பொந்தை நம்பி வாழ்பவை. மரங்கொத்தி, குக்குறுவான் மாதிரி புதுசா பொந்து குடையும் திறமை இவற்றுக்குக் கிடையாது. பட்டுப்போன மரத்தை வெட்டினாலோ, ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் வீடு கட்டினாலோ, இவற்றின் வீடும் போயிடும்.

வேலை போனது, கண்டுபிடிப்பு கிடைத்தது

ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930-ல் திரும்பிய சலீம் அலிக்கு, அருங்காட்சியகத்தில் பார்த்த வேலை இல்லை. நிதி இல்லைன்னு பதவியையே எடுத்துட்டாங்க. மனைவி தெமினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கவனித்தார்.

ஆண் குருவி பாதிக் கூடு வரைதான் முதலில் பின்னும். பெண் வந்து சோதிக்கும். பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். அதன்பின் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கும். 1931-ல் வெளியான இந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

மதுரை சுற்றுவட்டாரத்தில் கிணற்று மேட்டுப் பனையில் தொங்கும் கூடுகளும் இதே குருவியுடையவைதான். இதற்குப் பெட்டி வைத்தால் வேலைக்கு ஆகாது. பனையும், நார் கிழிக்க நீளமான புல்லும் வேணும்.

மதுரைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1948-ல், அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவால் பிடிபட்டது. வேறு இனம்னு தவறாகக் குறிக்கப்பட்டு மும்பைக் கழகத்தில் கிடந்தது. 1972-ல் அது புதிய இனம்னு தெரியவந்தபோது, சலீம் அலியின் பெயரே சூட்டப்பட்டது. மேகமலை இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கு. அங்குள்ள பெரிய இருவாச்சியும் பெருமரப் பொந்து இல்லாமல் குஞ்சு பொரிக்காது.

பெட்டி மாட்டும்போது கவனிக்க...

* சிட்டுக்குருவிக்கு வாசல் துளை சுமார் 32 மில்லிமீட்டர் போதும். பெரிசா இருந்தா மைனா புகுந்திடும்.
* மதுரை வெயிலுக்குத் தகரம் வேண்டாம், மரப்பெட்டி நல்லது. மேற்கு வெயில் படாத இடமா பாருங்க.
* வாசலில் குச்சி வைக்காதீங்க. காக்கா உட்கார வசதியாகிடும்.
* அடியில் சிறு துளைகள் இருக்கட்டும். மின்விசிறியும் பூனையும் எட்டாத உயரம் அவசியம்.
* குஞ்சு இருக்கும்போது திறந்து பார்க்க வேண்டாம்.

1976-ல் பத்ம விபூஷண் பெற்ற சலீம் அலி, 1987 ஜூன் 20-ம் தேதி 90 வயதில் காலமானார். அவர் பெயரிலான பறவையியல் மையம் கோவை ஆனைக்கட்டியில் இயங்குகிறது. எந்தப் பறவைக்கு எந்த வீடுன்னு முதலில் கவனிக்கணும், பெட்டி அதுக்கு அப்புறம்தான். அவரது வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான்.