பீட்டர் பால் மௌசர்

மௌசர் என்னும் பெயரைச் செவியுறாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. 1914-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ரோடா கம்பெனியாரின் சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர் கவர்ந்து சென்ற 50 கைத்துப்பாக்கிகளும் அப்பெயர் பொறித்தனவே. ஆயின் அக்கைத்துப்பாக்கி மௌசரின் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பெடர்லே சகோதரர்களின் ஆக்கம். மௌசரின் சொந்தச் சிந்தையிற் பிறந்ததன்று. அவர் தம் வாணாளெல்லாம் செலவிட்டுத் திருத்தியது போர்வீரன் தோளிற் சுமக்கும் நெடுந்துப்பாக்கியே. அதன் வரலாறும் அவர் வரலாறும் வேறல்ல. ஆதலின் இரண்டனையும் ஒருங்கே கூறப் புகுகின்றோம்.

தென் ஜெர்மனியில் நெக்கார் ஆற்றின் கரையில் ஓபர்ண்டார்ப் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரில் அகுஸ்தீன் சபைத் துறவியரின் மடம் ஒன்று நெடுங்காலம் விளங்கிற்று. நெப்போலியன் காலத்தில் மடங்களின் உடைமைகளை அரசர்கள் கைக்கொண்டபொழுது இம்மடமும் வர்ட்டம்பர்க் அரசருடையதாயிற்று. 1811-இல் அவ்வரசர் அதனைத் துப்பாக்கித் தொழிற்சாலையாக்கினார். வாள்கள் மண்வெட்டிகளாகும் காலத்தை ஏசாயா தீர்க்கதரிசி கண்டார். ஓபர்ண்டார்ப்பிலோ செபம் எழுந்த கூடங்களிற் சம்மட்டியோசை எழுந்தது. எனினும், அவ்வூர் ஏழைகளின் அடுப்பில் நெருப்பு எரிந்தது அத்தொழிலாலேயே என்பதையும் நாம் மறத்தலாகாது.

அத்தொழிற்சாலையில் துப்பாக்கிக் கம்மியராயிருந்த ஒருவருக்கு 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் பதின்மூன்றாம் மகவாகப் பிறந்தவர் பால். பன்னிரண்டு வயதிலேயே தந்தையின் பட்டறை புகுந்தார். 1859-இல் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டு லூட்விக்ஸ்பர்க் படைக்கலச் சாலையிற் பணிபுரிந்தார். அவருக்கு நான்காண்டு மூத்த தமையன் வில்ஹெல்ம் பேச்சு வன்மையும் வாணிகத் திறமும் உடையவர். பாலுக்கோ எல்லாத் திறமும் கைவிரல்களிலேயே இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் நிறைவு செய்தனர்.

அக்காலத்துப் பிரஷியப் படையின் பெருமை டிரைசே என்பார் இயற்றிய ஊசித்துப்பாக்கியாம். குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியை நிமிர்ந்து நின்றே நிரப்பல் வேண்டும். இதனையோ தரையிற் படுத்தவாறே பின்புறத்து நிரப்பலாம். 1866-இல் கோனிக்ராட்ஸ் போர்க்களத்தில் ஆஸ்திரியரை முறியடித்தற்கு இது பெரிதும் துணை செய்தது. ஆயினும் அதன் தோட்டா வெறுங் காகிதத்தாலாயது. நீண்டதோர் ஊசி அக்காகிதத்தைத் துளைத்து, மருந்தினூடு சென்று, குண்டின் அடியிலிருந்த பொறிமருந்தைத் தாக்கல் வேண்டும். ஆதலின் ஊசி தீயில் வெந்து முறியும். பின்புறத்து இடுக்கின் வழியே தீயும் புகையும் சுடுவோன் முகத்தில் அடிக்கும். அதற்கஞ்சித் துப்பாக்கியைத் தோளிற் பொருத்தாது இடுப்பில் வைத்துச் சுட்டாரும் உளர். குறி தவறுதற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

இக்குறையே மௌசரின் சிந்தையைக் கவர்ந்தது. உலோகத்தாலாய தோட்டாவை அவர் மேற்கொண்டார். வெடித்தவுடன் தோட்டாக்கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக் காற்றுப் புகாதவாறு அடைத்துவிடும். அதற்கேற்ற பூட்டினையும் அமைத்தார். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் அது எளிதில் விளங்கும்: பிடியை மேலே தூக்கிப் பின்னிழுத்தால் திறக்கும், முன்தள்ளிக் கீழே மடக்கினாற் பூட்டும். பிடியைத் தூக்கும் அவ்வோர் அசைவிலேயே உள்ளிருக்கும் ஊசி பின்வாங்கிச் சுடுதற்கு ஆயத்தமாய் நிற்கும் என்பதே அதன் நுட்பம்.

இந்நுட்பத்தை முதலில் மதித்தவர் அயல்நாட்டார். ரெமிங்டன் கம்பெனியின் முகவராகிய நாரிஸ் என்னும் அமெரிக்கர் 1867-இல் சகோதரரோடு உடன்படிக்கை செய்து அவர்களைப் பெல்ஜியத்து லியேஜ் நகருக்கு அழைத்துச் சென்றார். 1868-இல் அமெரிக்காவிற் பெற்ற காப்புரிமையில் நாரிஸின் பெயரும் இடம் பெற்றது. பின்னர் அவர் பணந் தருதலை நிறுத்தவே, சகோதரர் வெறுங்கையராயினர். 1871-இல் புதிய ஜெர்மன் பேரரசு அத்துப்பாக்கியைத் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதனைச் செய்யும் வேலையோ அரசாங்கச் சாலைகளுக்கே போயிற்று. இயற்றியவர்க்கு முதலிற் கிடைத்தது சில உறுப்புக்கள் செய்து தரும் சிறுபணியே. 1874-இல், தந்தை கூலிக்கு உழைத்த அதே தொழிற்சாலையை மைந்தர் விலைக்கு வாங்கினர். 1882-இல் வில்ஹெல்ம் இறந்தார்.

1888-இல் மீண்டும் ஓர் இடி விழுந்தது. புகையற்ற மருந்தைப் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தமையின் கலங்கிய ஜெர்மன் படையதிகாரிகள், தாமே ஒரு குழு அமைத்து, மௌசரைக் கலவாமலே புதுத் துப்பாக்கி செய்துகொண்டனர். தாய்நாடு புறக்கணித்த கம்மியர் அயல்நாடுகளை நோக்கினார். 1889-இல் பெல்ஜியத்திற்கும் 1893-இல் ஸ்பெயினுக்கும் அவர் செய்தளித்தவை முன்னவற்றினும் சிறந்தன. ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டிற் கோத்து ஒரே அழுத்தில் உள்ளிறக்கும் முறையும், அவை கட்டையினுள்ளேயே இரு வரிசையாய் மறைந்து கிடக்கும் அமைப்பும் அக்காலத்தில் வந்தனவே. இறுதியில் ஜெர்மனியும் வழிக்கு வந்தது. 1898-இல் அது ஏற்றுக்கொண்ட துப்பாக்கியே மௌசரின் தலைசிறந்த படைப்பு.

அதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். தாழ்ப்பாளின் முன்புறத்து இரு பற்கள் வெடியின் வேகத்தைத் தாங்கும். அவை முறியினும் தாங்குதற்குப் பின்புறத்து மூன்றாம் பல்லொன்று வைத்தார். தோட்டாக்கூடு பிளந்து தீப்புகை பின்னோக்கிப் பாயுமாயின், அது முகத்திற் படாது வேறு வழியே செல்லுதற்குத் துளைகளும், அதனைத் தடுத்துத் திருப்ப ஒரு விளிம்பும் அமைத்தார். தாழ்ப்பாள் முற்றும் பூட்டப்படாதாயின் ஊசி தோட்டாவைத் தீண்டாது. துப்பாக்கிக்குப் பின்னிற்பவன் முகத்தின்மேல் இத்துணை அன்பு பாராட்டிய கம்மியர் பிறர் இலர் எனலாம். ஆனால் குழலுக்கு முன்னே நிற்பவனுக்கும் ஒரு முகம் உண்டன்றோ? அதைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதை அவருடைய பொறிகளிலிருந்து நாம் அறியக்கூடவில்லை. அவரைக் கொலைஞர் என இகழ எமக்கு மனமில்லை. வீரர் எனப் புகழவும் நா எழவில்லை.

அம்முகங்கள் எத்துணை! 1898-இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் ஸ்பானியர் ஏந்திய மௌசரால் அமெரிக்கர் பெருஞ்சேதமுற்றனர். பின்னர்த் தாம் செய்துகொண்ட 1903-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அவருடைய நுட்பங்களை எடுத்தாண்டு, அதற்கு ஈடாக 2,00,000 டாலர் செலுத்தினர். தென்னாப்பிரிக்காவில் போயர் ஏந்தியதும் மௌசரே. 1900-இல் ஸ்பையன் காப் குன்றில் வீழ்ந்த ஆங்கில வீரரைத் தூளியிற் சுமந்தவர், காந்தியடிகள் திரட்டிய சுமார் 1,100 இந்தியர். ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் அவருள் உண்டு. அத்தொண்டர்க்குச் சிகிச்சை முறை பயிற்றியவர் பூத் என்னும் மிஷனரி மருத்துவர். ஒரு கிறிஸ்தவ நாட்டிற் செய்த குண்டால் வீழ்ந்தவனை ஒரு கிறிஸ்தவ மருத்துவரிடம் பயின்ற நம்மவர் தூக்கிச் சென்றனர்.

1901-இல், தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியொன்றைச் சோதிக்கையில் அது வெடித்து மௌசர் ஒரு கண்ணை இழந்தார். பிறர் முகத்தைக் காக்க அவ்வளவு பாடுபட்டவர்க்கு நேர்ந்த விபத்து இது. ஆயினும் அவர் பட்டறையை விட்டகலவில்லை. 1912-இல் அரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார்.

1914-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் அவர் ஓபர்ண்டார்ப்பிலேயே உயிர் நீத்தார். முப்பதாம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியின் இளைஞர் இலக்கக்கணக்கிற் போர்முனைக்கு ஏகினர். அவர் தோள்களில் இருந்தது 1898-ஆம் ஆண்டுத் துப்பாக்கி. அதனைக் குறுக்கி 1935-இல் ஏற்றுக்கொண்ட வடிவே இரண்டாம் உலகப் போரிலும் ஜெர்மானியர் கையில் இருந்தது. 1945-இல் பிரெஞ்சுப் படை ஓபர்ண்டார்ப்பைக் கைப்பற்றியது. தொழிற்சாலையின் இயந்திரங்களை அவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துச் சென்றனர்.